முதலில் ஊகம், பிறகு அளவு: கடலோரப் பொறியாளர்கள் மாதம் ஒரு கற்றல் மாலை நடத்தும் முறை

மண்டபம், உச்சிப்புளி, பாம்பன், கீழக்கரை, சாயல்குடி என்று இந்த ராமநாதபுரக் கடலோரம் முழுக்கப் பொறியாளர்கள் சிதறிக் கிடக்கிறோம். ஒருவர் மின்வாரியம், ஒருவர் ரயில்வே, ஒருவர் குடிநீர் வாரியம், கமுதிப் பக்கம் சூரிய மின் நிலையத்தில் நாலைந்து பேர். பயிற்சி என்றாலே மதுரைக்கோ சென்னைக்கோ போய் ஏ.சி. அறையில் உட்கார்ந்துவிட்டுச் சான்றிதழோடு திரும்புவது என்றாகிவிட்டது. திரும்பி வந்த மறுநாள் அதே வேலை, அதே முறை.

இங்கே சொல்லப்போவது வேறு மாதிரி ஏற்பாடு. ஏழெட்டுப் பேர், மாதம் ஒரு மாலை, ஊரிலேயே இருக்கும் ஒரு பொருள், அதைப் பற்றி ஒரே ஒரு கேள்வி. எல்லாரும் முதலில் ஊகிக்க வேண்டும், பிறகு அளக்க வேண்டும். சிரிப்பும் பந்தயமுமாகப் போகிற மாலையாக இருக்க வேண்டும். திங்கட்கிழமை வேலையில் ஒரு சின்ன மாற்றமாவது தெரியவும் வேண்டும். புதிதாக நடத்துகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் வரிசையில்தான். அதனால் வரிசைப்படி எழுதுகிறேன்.

1. கேள்வியைப் பிடிப்பது

முதல் வேலை இது. ஆளையோ இடத்தையோ முதலில் முடிவு செய்தால், பிறகு அதற்கேற்ற கேள்வியைத் தேடி அலைய நேரிடும்.

நல்ல கேள்விக்கு மூன்று அடையாளம். எண்ணாகவோ வரிசையாகவோ பதில் சொல்ல முடிய வேண்டும். பார்க்கவோ தொடவோ கூடிய பொருள் அரைமணி நேரப் பயணத்துக்குள் இருக்க வேண்டும். அனுபவசாலியே தப்பாகச் சொல்ல இடம் இருக்க வேண்டும். மூன்றாவது இல்லாவிட்டால் மாலை சப்பென்று போய்விடும்.

"கடலோரக் கட்டுமானத்தில் துருப்பிடித்தல்" என்பது தலைப்பு. அதில் கேள்வி இல்லை. "மூன்று ஆணிகளில் ஒன்று கடல்நீரில் முழுதாக மூழ்கியிருக்கிறது, ஒன்று பாதி மூழ்கியிருக்கிறது, ஒன்று காலையும் மாலையும் நனைந்து காய்கிறது. ஒரு மாதத்தில் எது அதிக எடை இழக்கும்?" இது கேள்வி. இரண்டு பேரை எதிரெதிரே உட்கார வைத்தால் உடனே சண்டை தொடங்கிவிடும், அதுதான் வேண்டும்.

அடிக்கடி நடக்கும் பிழை, கேள்வியைப் பெரிதாக எடுப்பது. செயற்கை நுண்ணறிவு, பசுமை ஹைட்ரஜன் என்று எடுத்தால் வந்தவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். கையில் பிடித்துப் பார்க்க ஒன்றும் இருக்காது.

2. நாள், நேரம், அனுமதி

ஒரே கிழமையில் வையுங்கள், உதாரணமாக மூன்றாம் சனிக்கிழமை. ஷிப்டில் இருப்பவர்கள் முன்கூட்டியே மாற்றிக்கொள்ள அது ஒன்றுதான் வழி. ஆடி அமாவாசை, தை அமாவாசை ஒட்டிய நாட்களைத் தள்ளி வையுங்கள். ராமேஸ்வரம் போகும் வண்டிகளால் பாம்பன் பக்கம் சாலை நகராது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வெளியிடத்தை நம்பாமல், கூரைக்குக் கீழே நடத்தக்கூடிய கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள்.

மாலை நான்கரைக்குத் தொடங்கி ஆறரைக்கு முடித்துவிடுங்கள். பஸ்ஸில் வீடு திரும்ப வேண்டியவர்கள், குறிப்பாகப் பெண் பொறியாளர்கள், நேரமாகிவிடுமோ என்று கவலைப்படாமல் உட்கார வேண்டும். நேரம் இழுத்தால் அடுத்த மாதம் அவர்கள் வரமாட்டார்கள்.

அனுமதி விஷயத்தில் கறாராக இருங்கள். உச்சிப்புளியில் கடற்படையின் விமானத் தளம் இருக்கிறது, மண்டபத்தில் கடலோரக் காவல்படை இருக்கிறது. டிரோன் பறக்கவிடும் எண்ணமே வேண்டாம். ரயில் பாலத்தின் மேலோ தண்டவாளத்திலோ ஏறுவது குற்றம். சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்ப்பதும் ஆபத்து. பாம்பன் கரையில் நின்று பார்த்தாலே கேள்விக்குப் போதுமானது கிடைக்கும்.

இன்னொன்று. மாதிரி எடுக்கிறேன் என்று பவளத் துண்டையோ கடல் அட்டையையோ யாரும் எடுத்துவரக் கூடாது. இரண்டும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் இறங்குவதற்கும் வனத்துறை அனுமதி வேண்டும். ஒரு பாட்டில் கடல்நீர் போதும்.

3. யாரைக் கூப்பிடுவது

ஆறு பேருக்குக் குறைந்தால் ஊகங்கள் ஒன்றுபோல் இருக்கும். பத்துக்கு மேல் போனால் இருவர் பேச மற்றவர்கள் கேட்பார்கள். குறைந்தது மூன்று துறைகளிலிருந்து ஆள் வேண்டும். மின்பொறியாளர் சர்வசாதாரணமாக நினைப்பது சிவில்காரருக்குப் புதிது; இந்த இடைவெளியில்தான் நல்ல கேள்விகள் பிறக்கின்றன.

கட்டாயம் ஒருவர் பட்டம் இல்லாத கைவேலைக்காரராக இருக்கட்டும். விசைப்படகு இன்ஜின் மெக்கானிக், ஐஸ் பிளான்ட் ஆபரேட்டர், வெல்டர், யாராக இருந்தாலும் சரி. "அண்ணே, போட்டுல எந்த போல்ட்டு முதல்ல போகும்?" என்று கேட்டுப் பாருங்கள். "தண்ணிக்குள்ள கெடக்கிறத விடு தம்பி, நனைஞ்சு நனைஞ்சு காயுற எடத்தப் பாரு" என்று பதில் வரும். மேலே சொன்ன ஆணிக் கேள்விக்கு இதைவிடச் சரியான பதிலைச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. ஆனால் அவரை ஊகச் சுற்று முடியும்வரை இதைச் சொல்லாமல் இருக்கச் சொல்லுங்கள்.

சிறப்பு விருந்தினர் வேண்டாம். பொன்னாடை, வரவேற்புரை, குத்துவிளக்கு எல்லாம் சேர்ந்து முக்கால் மணி நேரத்தைத் தின்றுவிடும். அதைவிடப் பெரிய கேடு, விருந்தினர் எதிரில் யாரும் தப்பாகச் சொல்லத் துணிய மாட்டார்கள். தப்பாகச் சொல்லும் துணிச்சல் போய்விட்டால் இந்த ஏற்பாடே வீண்.

4. பெட்டியில் இருக்க வேண்டியவை

ஒரு பிளாஸ்டிக் பெட்டி வாங்கி, எல்லாவற்றையும் அதற்குள்ளேயே வைத்திருங்கள். 0.01 கிராம் வரை காட்டும் நகைத் தராசு ஒன்று, அதைச் சரிபார்க்கும் நிலை எடையோடு. வெர்னியர் காலிப்பர், மல்டிமீட்டர், தூரத்திலிருந்து சூடு பார்க்கும் துப்பாக்கி வடிவத் தெர்மாமீட்டர். ஒரே அளவில் வெட்டிய வெள்ளைத் தாள்கள், எல்லாருக்கும் ஒரே நிறப் பேனா. பழைய பல்துலக்கும் பிரஷ், ரப்பர் கையுறை, கண்ணைக் காக்கும் கண்ணாடி.

பேனா நிறம் வரை சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எந்த ஊகம் யாருடையது என்று தெரியாமல் இருந்தால்தான் ஊகத்தைப் பற்றிப் பேசுவார்கள். தெரிந்துவிட்டால் ஆளைப் பற்றிப் பேசுவார்கள்.

புரொஜெக்டர் வேண்டாம். பி.பி.டி. ஓடத் தொடங்கிய நிமிடமே மாலை வகுப்பாகிவிடும்.

5. ஊகச் சுற்று

இந்த ஏற்பாட்டின் உயிர் இதில் இருக்கிறது. வேறு எதைச் சுருக்கினாலும் இதைச் சுருக்காதீர்கள்.

கேள்வியை இரண்டு முறை நிதானமாகப் படியுங்கள். ஐந்து நிமிடம் யாரும் பேசக் கூடாது, போனையும் தொடக் கூடாது. ஒவ்வொருவரும் தாளில் மூன்று விஷயம் எழுத வேண்டும்: தன் பதில், இதற்குக் கீழே போகவே போகாது என்று நினைக்கும் அளவு, இதற்கு மேலே போகவே போகாது என்று நினைக்கும் அளவு. வரிசை கேட்கும் கேள்வியாக இருந்தால் வரிசையையும், ஒரு வரியில் காரணத்தையும் எழுதினால் போதும்.

கீழ் எல்லை, மேல் எல்லை எதற்கு? ஒற்றை எண் சொன்னவர் தப்பானால் "சும்மா சொன்னேன்" என்று நழுவிவிடலாம். எல்லை போட்டவர் தன் நம்பிக்கையின் அளவையும் எழுதிக் கொடுத்துவிடுகிறார். உண்மையான பதில் அந்த எல்லைக்கு வெளியே விழும்போதுதான், தனக்குத் தெரிந்ததாக நினைத்த ஒன்று தெரியாது என்பது உறைக்கிறது. வேலையில் மதிப்பீடு போடும்போதும் நாம் பெரும்பாலும் வழுக்குவது இந்த இடத்தில்தான்: எல்லையை மிகக் குறுகலாகப் போடுகிறோம்.

தாள்களைக் குலுக்கி, மேஜையில் சிறியதிலிருந்து பெரியது வரை அடுக்குங்கள். அதன்பிறகு பேச்சு. வயதில் இளையவர் முதலில், பதவியில் மூத்தவர் கடைசியில். இ.இ. (செயற்பொறியாளர்) சார் முதலில் வாயைத் திறந்தால் ஏ.இ. (உதவிப் பொறியாளர்) எல்லாரும் "நானும் அதைத்தான் சார் நினைத்தேன்" என்பார்கள். இதை மூத்தவரிடம் முதல் நாளே தனியாகச் சொல்லிவிடுங்கள்: "சார், நீங்க கடைசியாப் பேசுனா எங்களுக்கு உதவியா இருக்கும்." சபையில் சொன்னால் அவருக்குச் சங்கடம். தனியாகச் சொன்னால் மகிழ்ச்சியாக ஒத்துக்கொள்வார்.

பரிசு உண்டு. சரியாகச் சொன்னவருக்குக் கைதட்டல். மிகத் தூரம் தள்ளிச் சொன்னவருக்கு ஒரு கட்டிக் கருப்பட்டி, ஆனால் எந்த அனுமானம் தன்னை அங்கே கொண்டுபோனது என்று அவர் விளக்கிச் சொன்னால் மட்டும். இந்த ஒரு நிபந்தனை அறையையே மாற்றிவிடும். கூச்ச சுபாவக்காரரும் கருப்பட்டிக்காக எழுந்து பேசுவார், கேட்பவர்கள் அந்தப் பேச்சில்தான் அதிகம் கற்றுக்கொள்வார்கள்.

6. அளப்பது: ஆணிச் சோதனை

முதல் மாதத்துக்கு இதையே பரிந்துரைக்கிறேன். தராசு இருந்தால் மற்றதற்கெல்லாம் செலவு குறைவு. முடிவு அடுத்த மாதம்தான் தெரியும் என்பதால் எல்லாரும் இரண்டாவது மாலைக்குத் தானாக வருவார்கள்.

நான்கு அங்குல இரும்பு ஆணி பன்னிரண்டு வாங்குங்கள். துத்தநாகம் பூசாத ஆணிதானா என்று கேட்டு வாங்குங்கள். பூசியது என்றால் ஒரு மாதத்தில் இரும்பு அசையாது. கடை ஆணியில் எண்ணெய்ப் படலம் இருக்கும். சோப்பு போட்டுக் கழுவி, தின்னரில் துடைத்து, காய வைத்து, பிறகு எடை போடுங்கள். இதை விட்டுவிட்டால் உங்கள் சோதனை எண்ணெயைப் பற்றியதாகிவிடும்.

ஒவ்வொரு ஆணியிலும் வெவ்வேறு நிற நைலான் நூல் கட்டி அடையாளம் வையுங்கள். செம்புக் கம்பியால் கட்டினால் இரண்டு உலோகம் உப்புநீரில் தொட்டுக்கொண்டு, அதுவே தனி பேட்டரியாகி இரும்பை அரித்துவிடும். ஆர்வத்தில் பலர் செய்வது இதுதான்.

மூன்று மூன்றாகப் பிரியுங்கள். முதல் மூன்று, விளிம்புவரை கடல்நீர் நிரப்பி மூடிய பாட்டிலில். அடுத்த மூன்று, திறந்த டம்ளர்களில் பாதி மூழ்கியபடி. அடுத்த மூன்று, நிழலில் தொங்க, காலையும் மாலையும் ஒருமுறை கடல்நீரில் முக்கி எடுக்கப்பட வேண்டும். கடைசி மூன்று, நனையாமல் வீட்டுக்குள் காற்றுப்புகாத டப்பாவில். ஒவ்வொன்றிலும் மூன்று வைப்பது, ஒரே நிலையில் இருந்த ஆணிகளுக்குள்ளேயே எவ்வளவு வித்தியாசம் வருகிறது என்று பார்க்க. ஒரே ஆணியை நம்பி முடிவு சொல்லும் பழக்கம் போக வேண்டும்.

தராசு ஏன் 0.01 கிராம்? இதையும் ஒரு கணக்காகவே கொடுங்கள். நீளம் 100 மி.மீ., விட்டம் 4 மி.மீ. என்றால் பக்கப் பரப்பு சுமார் 1,257 சதுர மி.மீ. ஆண்டுக்கு 0.1 மி.மீ. அரிப்பு என்று வைத்தால் மாதத்துக்கு 0.0083 மி.மீ.; கன அளவு பத்தரை கன மி.மீ. எஃகின் அடர்த்தியால் பெருக்கினால் 0.08 கிராம். பத்து கிராம் ஆணியில் இவ்வளவுதான் போகும். சமையல் தராசு ஒன்றுமே நடக்கவில்லை என்று காட்டும்.

மாதம் முடிந்ததும் துருவை எடுக்க வேண்டும். துருவோடு எடை போட்டால் ஆணி கனத்திருக்கும், ஏனென்றால் இரும்போடு ஆக்சிஜனும் நீரும் சேர்ந்து உட்கார்ந்திருக்கின்றன. வெதுவெதுப்பான எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைசலில் ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, உடனே துடைத்துக் காய வையுங்கள். நனையாத மூன்று ஆணிகளையும் அதே கரைசலில் அதே நேரம் ஊற வையுங்கள். கரைசலே கொஞ்சம் இரும்பைத் தின்னும். நனையாத ஆணி இழந்த எடையை மற்ற எல்லாவற்றிலிருந்தும் கழித்தால்தான் கணக்கு நேராகும். புதியவர்கள் பெரும்பாலும் இந்தப் படியைத் தாண்டிவிடுவார்கள்.

மூடிய பாட்டில் ஆணிகள் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். தண்ணீரில் இருந்த ஆக்சிஜன் தீர்ந்ததும் அரிப்பு நின்றுவிடுகிறது. பாதி மூழ்கியதில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சேதம் தெரியும்: காற்று நன்றாகப் படும் விளிம்பு கேத்தோடாகவும், ஆக்சிஜன் குறைந்த கீழ்ப்பகுதி ஆனோடாகவும், அதாவது இரும்பு கரையும் முனையாகவும் வேலை செய்கின்றன. நனைந்து காய்ந்ததுதான் பொதுவாக அதிகம் இழக்கும். மெல்லிய உப்புநீர்ப் படலத்தின் வழியே ஆக்சிஜன் தடையில்லாமல் இரும்பை எட்டுகிறது.

இங்கே ஒரு உபகேள்வி போடுங்கள்: "வெயிலில் காய்ந்துவிட்டால் துரு நின்றுவிடுமா?" நிற்காது. கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடு இருக்கிறது. காற்றில் ஈரப்பதம் 33 சதவீதம் இருந்தாலே அது ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். சாதாரண உப்புக்கு அதே வேலைக்கு 75 சதவீதம் வேண்டும். நம் கரையில் ஈரப்பதம் 33க்குக் கீழே இறங்குவது அரிது. ஆக, உப்புப் படிந்த இரும்பு கண்ணுக்குக் காய்ந்ததாகத் தெரிந்தாலும் காய்வதே இல்லை. வறண்ட துணியால் துடைப்பதைவிட நல்ல தண்ணீரால் கழுவுவது ஏன் முக்கியம் என்பதை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

7. அளக்க முடியாததைக் கணக்குப் போடுவது: பாம்பன் தூக்குப் பாலம்

எல்லாப் பொருளையும் தொட்டு அளக்க முடியாது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலம் அப்படி ஒன்று. இரண்டாவது மாலையில், ஆணி முடிவைப் பார்த்தபின், கரையில் நின்று இதை எடுங்கள்.

தரவு மூன்றுதான் கொடுக்க வேண்டும். கப்பலுக்கு வழிவிடத் தூக்கும் பகுதியின் நீளம் 72.5 மீட்டர், எடை சுமார் 660 டன், உயரும் தூரம் 17 மீட்டர். கேள்வி: "எதிர் எடை (பாலத்தைச் சமன் செய்ய மறுமுனையில் தொங்கவிடும் எடை) எதுவும் இல்லாமல் ஒருமுறை தூக்க எத்தனை யூனிட் மின்சாரம்?"

ஊகங்கள் நூறு, ஆயிரம், ஐயாயிரம் என்று பறக்கும். கணக்கு: 6,60,000 கிலோ, 9.8ஆல் பெருக்கி, 17ஆல் பெருக்கினால் 11 கோடி ஜூல். ஒரு யூனிட் 36 லட்சம் ஜூல். ஆக முப்பது யூனிட். ஒரு வீட்டின் சில நாள் செலவு! மின்வாரியக்காரர்களே வாயைப் பிளப்பார்கள்.

அப்படியானால் எதிர் எடை எதற்கு என்று அடுத்த கேள்வி தானாக வரும். இங்கே ஆற்றலையும் திறனையும் பிரித்துக் காட்டுங்கள். அதே வேலையை ஐந்து நிமிடத்தில் முடிக்க வேண்டும் என்றால் 11 கோடியை 300ஆல் வகுங்கள்: 367 கிலோவாட், கிட்டத்தட்ட 490 குதிரைத்திறன். மோட்டார், கியர், பிரேக், கேபிள் எல்லாமே அந்த அளவுக்கு வேண்டும். போதாக்குறைக்கு, பிரேக் விட்டுப்போனால் 660 டன்னும் கீழே வரும். எதிர் எடை வைத்தால் மோட்டார் உராய்வையும் காற்றையும் ஒரு சின்ன எடை வித்தியாசத்தையும் சமாளித்தால் போதும்.

எதிர் எடை சரிசமமாக இருக்க வேண்டுமா என்று கேட்டு முடியுங்கள். தூக்குப் பாலங்களில் பொதுவாகப் பாலத்தின் பக்கம் கொஞ்சம் கனமாகவே விடுவார்கள், இறங்கியபின் பாலம் தன் இருக்கையில் அழுந்தி உட்கார. லிப்டு பராமரிப்பவர் யாராவது வந்திருந்தால் இந்த இடத்தில் அவரைப் பேசவிட்டுவிட்டு நீங்கள் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

பிழை இங்கே ஒன்றுதான்: நடத்துபவரே கணக்கைப் பலகையில் போட்டுக்காட்டுவது. இருவர் இருவராகப் பிரித்து அவர்களே போடட்டும். அலகு மாற்றுவதில் பாதிப் பேர் சறுக்குவார்கள்; சறுக்கியதை ஜோடியே கண்டுபிடிக்க வேண்டும்.

8. திங்கட்கிழமைச் சீட்டு

கிளம்பும் முன் ஐந்து நிமிடம். ஒவ்வொருவரும் ஒரு சீட்டில், தன் வேலையிடத்தில் வரும் வாரத்தில் பார்க்கப்போகும் ஒரே ஒரு பொருளை எழுத வேண்டும். "உப்புக்காற்று படும் சுவிட்ச்யார்டில் கிளாம்ப் போல்ட்டுகளின் அடிப்பக்கம்", "சூரிய மின் பேனல் தாங்கும் சட்டத்தில் அலுமினியமும் இரும்பும் சேரும் இடம்" என்று விரலால் தொட்டுக்காட்டும் அளவுக்கு இருக்க வேண்டும். "பராமரிப்பை மேம்படுத்துவேன்" என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்த மாலை இந்தச் சீட்டுகளைப் படிப்பதிலிருந்து தொடங்கும். பார்க்காதவரைக் குறைசொல்ல வேண்டாம், சீட்டை அடுத்த மாதத்துக்குத் தள்ளினால் போதும்.

ஆழமாகப் படிக்க விரும்புகிறவர்களுக்கு ஐ.ஐ.டி.களின் என்பிடெல் இணையவழிப் பாடங்கள் இருக்கின்றன. பார்ப்பது இலவசம், சான்றிதழ் வேண்டுமென்றால் கட்டணம் கட்டித் தேர்வு எழுத வேண்டும். ஆனால் அதை மாலைக்குப் பிறகு சொல்லுங்கள். கேள்வி மனதில் குடையும்போது படிக்கும் பாடம்தான் தங்கும்.

9. அடுத்தடுத்த மாதங்களுக்குச் சில கேள்விகள்

கடல்நீரின் சவ்வூடுபரவல் அழுத்தம் (சவ்வு வழியே நல்ல தண்ணீரைப் பிரிக்க மீற வேண்டிய அழுத்தம்) எவ்வளவு உயரத் தண்ணீர்த் தொட்டிக்குச் சமம்? சுமார் 27 பார், அதாவது 275 மீட்டர். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆர்.ஓ. நிலையத்தில் வேலை பார்த்தவர்கள் வந்தால் பம்ப் ஏன் அதைப்போல் இரண்டு மடங்கில் ஓடுகிறது என்று அவர்களே சொல்வார்கள்.

மே நண்பகலில் சூரிய மின் பேனலின் சூடு 65 டிகிரி என்றால் உற்பத்தியில் எவ்வளவு போகும்? பேனலின் மேல் எழுதியிருக்கும் உற்பத்தி அளவு, அதன் சூடு 25 டிகிரி என்று வைத்துக் குறித்தது. சாதாரண சிலிக்கான் பேனல் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம் இழக்கும். ஆக 16 சதவீதம். துப்பாக்கி வடிவத் தெர்மாமீட்டரால் பேனலின் பின்பக்கத்தை அளந்து பாருங்கள். முன்பக்கக் கண்ணாடி வானத்தைப் பிரதிபலித்துத் தப்பாகக் காட்டும்.

காற்று 60 கி.மீ. வேகத்திலிருந்து 120 ஆனால் விளம்பரப் பலகையின் மேல் அழுத்தம் எத்தனை மடங்கு? நான்கு. இதைப் புயல் மாதங்களுக்கு முன், செப்டம்பரில் வையுங்கள்.

10. கைமாற்றுவது

மூன்றாவது மாலையை வேறொருவர் நடத்தட்டும். ஒருவரே நடத்தினால் அவருக்கு மாற்றல் வந்த அன்றே எல்லாம் நின்றுவிடும், நம் துறைகளில் மாற்றல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அடுத்தவரிடம் கொடுக்க வேண்டியவை: பெட்டி, கேள்விகள் எழுதிய நோட்டு, ஒவ்வொரு மாலையும் எந்த ஊகம் எவ்வளவு தள்ளிப்போனது என்ற ஒரு பக்கக் குறிப்பு. வாட்ஸ்அப் குழுவில் போட்ட குறிப்பு ஒரு வாரத்தில் மேலே போய்விடும், அதனால் நோட்டிலும் எழுதுங்கள்.

பெட்டியைக் கொடுக்கும்போது தராசை நிலை எடை வைத்து அவர் எதிரிலேயே சரிபாருங்கள். பேட்டரிகளைக் கழற்றித் தனிப் பொட்டலமாக வையுங்கள். உள்ளேயே விட்டால் இந்த உப்புக்காற்றில் முனைகள் பூத்து, அடுத்த மாலை தராசு கண் திறக்காது.